கழுவாத துண்டு

அந்தப் புகார் மாட்டைப் பற்றியதாக இல்லாததால், அதை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று வாரியத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. கால்நடைச் சுகாதாரப் பொருள் வாரியத்துக்கு வருகிற புகார்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மாட்டுக்கு மடி வீங்கும், காம்பு வெடிக்கும், பால் திரியும். எழுதுகிறவர் கோபமாக எழுதுவார். வாரியம் பொறுமையாகப் பதில் அனுப்பும். இந்தக் கடிதத்தில் கோபமும் இல்லை, நோய்ப்பட்ட மாடும் இல்லை. ஒன்பது நாள் மேசை மேசையாகச் சுற்றி, ஆளுக்கொரு முத்திரை வாங்கிக்கொண்டு, கடைசியில் பதிவு இயக்குநர் டாக்டர் வினோதினியிடம் வந்து சேர்ந்தது.

'என் பெயர் கனிஷ்கா. காங்கேயத்துக்குத் தெற்கே கள்ளிவலசில் எட்டு மாடு வைத்துக் கையால் பால் கறக்கிறோம். மாட்டுக் காம்பில் பூசும் மடிக்காப்பை என் மார்பில் பூசிக்கொண்டேன். என் மேல்தான் தப்பு. இப்போது என் குழந்தைக்கு என்னைத் தெரியவில்லை. இதற்கு மாற்று ஏதாவது இருந்தால் அனுப்பி வைக்கவும்.'

வினோதினி அதை மூன்று முறை படித்தாள். 'என் மேல்தான் தப்பு' என்ற இடத்தில் மூன்று முறையும் நின்றாள். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அந்த வரியை அவள் எந்தக் காகிதத்திலும் பார்த்ததில்லை. அரசாங்கக் காகிதத்தில் நிச்சயமாகப் பார்த்ததில்லை.

மடிக்காப்புக்கு அனுமதி கொடுத்தவள் அவள்.

அதற்கு முன்பெல்லாம் கறவை முடிந்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்கி எடுப்பார்கள், தினம் இரண்டு வேளை. முக்க மறந்தால் மடிநோய். மடிநோய்க்கு ஊசி. ஊசி மருந்து பாலோடு இறங்கி ஊரார் வயிற்றுக்குள் போகும். போகப் போக, எந்த ஊசிக்கும் அசையாத கிருமிகள் ஊரெங்கும் பெருகின. அப்படிப்பட்ட ஒன்றுதான் வினோதினியின் கணவன் மதிவாணனைக் கொண்டுபோனது. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். எட்டாம் நாள் ஆள் இல்லை. தொற்று வார்டு என்பதால் அவனைத் தொடக்கூட விடவில்லை. அவன் போட்டிருந்த நீலச் சட்டையைக் கிருமி நீக்கம் செய்து, பச்சை உறையிலிட்டு ஒட்டி, சன்னல் வழியாக நீட்டினார்கள். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். பதினோரு வருடமாக அந்த உறை பீரோவில் இருக்கிறது. அவள் பிரித்ததில்லை. என்றைக்காவது தாங்கவே முடியாமல் போனால் பிரித்துக்கொள்ளலாம், அவன் உள்ளே கொஞ்சம் இருப்பான் என்கிற நினைப்பு ஒன்றே அவளை இத்தனை வருடம் நடத்திக்கொண்டு வந்தது.

அந்த எட்டு நாளுக்குப் பிறகு கிருமி என்றால் அவளுக்கு ஆகாது. வாரியத்தின் விதி பதினான்கு அவள் எழுதியது: சோதனைக்கூடத்துக்குள் போன எந்தப் பொருளும் கிருமி நீக்கம் ஆகாமல் வெளியே வரக்கூடாது, இதற்கு விலக்கு கிடையாது. 'விலக்கு கிடையாது' என்பதன் கீழே அவளே பேனாவால் கோடு போட்டாள்.

அந்த நேரத்தில்தான் மடிக்காப்பு வந்தது. அது வெறும் கரைசல் இல்லை, உயிருள்ளது. ஆய்வகத்தில் திருத்தி அமைத்த ஒரு நுண்ணுயிர், காம்புத் தோலில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படர்ந்து, வேறு எதையும் அங்கே குடியிருக்க விடாது. மாடு கன்று போட்டதும் ஒரே ஒரு பூச்சு. பால் வற்றும் வரை போதும். ஊசியே வேண்டாம். ஒரே ஒரு சிக்கல். மருந்து என்று பதிவு செய்தால் இரண்டு வருடச் சோதனை. சுத்திகரிப்புப் பொருள் என்று பதிவு செய்தால் தொண்ணூறு நாள். உயிருள்ள ஒன்றைக் கொண்டுபோய்ப் பினாயில் வரிசையில் நிறுத்தலாமா என்று வாரியக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நிறுத்தலாம், நாடு காத்திருக்க முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் வினோதினி. மூன்று வருடத்தில் மாடுகளுக்குப் போடும் ஊசி ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அவள் ஒன்றும் கெட்டதைச் செய்யவில்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடிபடாத இடம்.

கடிதத்தைப் படித்த அன்றே சோதனைக்கூடத் தலைவர் பெனடிக்டைக் கூப்பிட்டாள்.

"பெனடிக்ட், மடிக்காப்பு எதைத் தின்னு உயிர் வாழுது?"

"தோல்ல ஊறுற எண்ணெய்ப் பசைதான் மேடம். காம்பைச் சுத்திச் சின்னச் சின்ன சுரப்பிங்க இருக்குல்ல, அதுல வர்றதுதான் அதுக்குச் சாப்பாடு."

"அந்தப் பசையில வாசம் உண்டா?"

"உண்டு மேடம். கன்னு பொறந்து நிக்கத் தடுமாறுறப்பவே மடியைத் தேடிப் போகுதே, அந்த வாசத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகுது. மனுசக் குழந்தையும் அப்படித்தான்."

"நம்ம சோதனையில கன்னுங்க என்ன பண்ணுச்சு?"

"சோதனை நடந்தது எல்லாம் பெரிய பண்ணையில மேடம். பிறந்த அன்னைக்கே கன்னைப் பிரிச்சுப் புட்டியில பால் குடுத்துடுவாங்க. மடிப் பக்கமே விடமாட்டாங்க."

பழைய கோப்பைத் தேடி எடுத்தாள். பண்ணைகளோடு பேருக்குச் சில வீட்டு மாடுகளும் சோதனையில் சேர்க்கப்பட்டிருந்தன. அந்தப் படிவங்களின் கடைசியில், 'இதர' என்ற கட்டத்தில், ஆளுக்கு ஒரு கையெழுத்தில் ஒரே விஷயம்: கன்று மடியில் வாய் வைப்பதில்லை. கன்று முட்டுவதில்லை. கன்று தாயிடம் போவதில்லை. அதற்குப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு குறிப்பு இருந்தது: 'கன்றைப் பிரிப்பது எளிதாகிறது. கூடுதல் நன்மை.'

அது அவளுடைய கையெழுத்து.

அதோடு நிற்காமல், வாரிய வரம்புக்குள் வராதவை என்று மூன்று வருடமாகத் திருப்பி அனுப்பிய கடிதங்களின் நகல்களையும் எடுத்துவரச் சொன்னாள். நாற்பத்தொன்று இருந்தன. எல்லாம் கறவைக்காரப் பெண்கள் எழுதியவை. எல்லாவற்றிலும் ஒரு குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

*

கள்ளிவலசில் வாரியத்து வண்டி போய் நின்றபோது காலை பத்து மணி. ஓட்டுநர் இல்லாத அந்த வண்டி, குறுக்கே நின்ற ஓர் எருமையிடம் வழி கேட்டுக் கால்மணி நேரம் கெஞ்சிவிட்டுத்தான் வந்திருந்தது. கட்டுத்தரையில் எட்டு மாடுகளும் வரிசையாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. கன்றுகள் எதிர் மூலையில் கட்டாமலேயே கிடந்தன. எந்தக் கன்றும் எந்த மாட்டையும் பார்க்கவில்லை. எந்த மாடும் குரல் கொடுக்கவில்லை. கட்டுத்தரை இவ்வளவு அமைதியாக இருக்கக்கூடாது என்பது கால்நடை மருத்துவம் படித்த வினோதினிக்கு அப்போதுதான் உறைத்தது.

கனிஷ்காவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். வாசலில் வந்து கைகூப்பி நின்றவள், உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டாள். மூன்று மாதக் குழந்தை அவளிடம் இல்லை. கணவனின் அக்கா கோகிலாவின் தோளில் இருந்தது. கோகிலா திருப்பூரில் தையல் வேலைக்குப் போகிறவள். மாட்டுப் பக்கம் வருவதே இல்லை.

"நங்கையாகிட்டன்னா கம்முனு இருக்குதுங்க," என்றாள் கனிஷ்கா, கோகிலாவைக் காட்டி. "நான் தூக்குனா அழுவுது. பசிக்கு இல்லீங்க, ஆரோ தெரியாதவிய தூக்குனாப்பல அழுவுது."

"எப்ப இருந்து இப்படி?"

"பொறந்து பன்னெண்டு நாளு நல்லாத்தான் குடிச்சா. அப்பறம் எனக்குக் காம்பு வெடிச்சு ரத்தமா வந்துருச்சுங்க. புள்ள வாய் வெச்சா உசுரே போயிரும். எங்க செவலைக்கும் அப்படித்தான் வெடிச்சிருந்துது, மடிக்காப்பு பூசி ரெண்டே நாள்ல ஆறிப்போச்சு. மாட்டுக்கு ஆறுனது எனக்கு ஆறாதான்னு நானும் பூசிக்கிட்டனுங்க. ஆறிருச்சு. நெசமாலுமே ரெண்டே நாள்ல ஆறிருச்சுங்க."

"யார்கிட்டயும் கேக்கலையா? நர்ஸம்மாகிட்ட…"

கனிஷ்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை, சும்மா ஞாபகப்படுத்துகிற பார்வை.

"நீங்கதான மேடம் மேடையில நின்னு மடிக்காப்புக்குள்ள ரெண்டு விரலை முக்கிக் காட்டினீங்க? கைக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்கன்னு சொன்னீங்க. பால் சொசைட்டியில அந்த வீடியோவத்தான் எல்லாத்துக்கும் போட்டாங்க. அதிகாரியம்மாவே தொட்டுக் காட்டறாங்கன்னு நெனச்சனுங்க."

வினோதினி தன் வலது கையைப் பார்த்தாள். அந்த விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லைதான். மோந்து பார்த்து அவளை அடையாளம் காண வீட்டில் யாரும் இருந்தால்தானே தெரியும்?

"அனுமதி கொடுத்தது நான்தான், கனிஷ்கா," என்றாள். "நல்லாப் பார்க்காம கொடுத்துட்டேன். கடுதாசியில எழுதியிருந்தீங்களே, என் மேல்தான் தப்புன்னு. அது என் மேல."

"இருக்கட்டுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போன கனிஷ்கா, மூடி இறுக்கமான ஓர் எவர்சில்வர் தூக்குப்போசியோடு திரும்பி வந்தாள். "இதயும் உங்களுக்குக் காட்டணும்னு இருந்தனுங்க."

உள்ளே ஒரு பழைய வெள்ளைத் துண்டு. நடுவில் மஞ்சள் பாரித்த கறை.

"ஆஸ்பத்திரியில பால் ஒழுகி ஒழுகி நனையும்னு மேல போட்டிருந்த துண்டுங்க. வந்த அவசரத்துல பையோட அட்டத்துப் பரண்ல தூக்கிப் போட்டுட்டம், தொவைக்கவே இல்ல. புள்ள மூஞ்சியத் திருப்ப ஆரம்பிச்சதும் எனக்கு வெசனம் புடிச்சு, ஒரு வாய் சோறு எறங்கல. அப்பத்தான் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. கன்னு செத்துப்போச்சுன்னா, அதும் தோலுக்குள்ள வைக்கோலத் திணிச்சு மாட்டுக்கு முன்னால நிறுத்துவாங்கல்லங்க? மாடு அத மோந்து, நக்கிக் குடுத்து, பாலை எறக்கும். இங்க கன்னு உசுரோடதான் இருக்குது. தாயிதான் செத்த மாதிரி. எனக்கு ஒரு தோலு வேணும்னு தோணுச்சுங்க."

துண்டை உதறாமல், மெதுவாக, மார்பின் மேல் போர்த்திக்கொண்டாள். கோகிலா குழந்தையைக் கொண்டுவந்து மடியில் கிடத்தினாள். குழந்தை உதட்டைப் பிதுக்கி அழத் தயாரானது. பிறகு மூக்கு துண்டில் பட்டது. அழுகை பாதியில் நின்றுவிட்டது. தலை இப்படியும் அப்படியுமாகத் தேடியது, வாய் திறந்தது, பற்றிக்கொண்டது. குடித்துக்கொண்டே ஒரு கையைத் தூக்கித் தாயின் தாடையில் வைத்தது. கனிஷ்கா அசையவே இல்லை. மூச்சைக் கூட அளந்து விட்டாள்.

"தெனம் ஒருவாட்டிதான் எடுப்பனுங்க," என்றாள் குரலைத் தாழ்த்தி. "மத்த வேளைக்குப் பாட்டிலு. வாசம் தீந்துரக் கூடாதுல்லங்க."

பூசுவதற்கு முந்தைய துணி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கத்தான் வினோதினி வந்திருந்தாள், இதைக் கேட்கவும் முடியவில்லை. குழந்தை குடித்து முடித்துத் தூங்கும் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"மடிக்காப்பை நிறுத்தணும்னா எனக்கு ஒரு சாட்சி வேணும், கனிஷ்கா. கம்பெனிக்காரங்க சுலபமாச் சொல்லிடுவாங்க, 'அந்தம்மா உடம்பே அப்படி, பால் பத்தலை, குழந்தை திருப்பிக்குது'ன்னு. பூசறதுக்கு முன்னால ஒரே உடம்புல என்ன இருந்துது, பூசின பின்னால என்ன இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினாத்தான் சட்டப்படி நிக்கும். நாப்பத்தொரு பேர் எழுதியிருக்காங்க. கேட்டுப் பார்த்தேன், யாருமே அந்த நாள் துணியை வச்சிருக்கல. துவைச்சுட்டாங்க. துவைக்காம இருக்கிறது இது ஒண்ணுதான்."

கோகிலாவுக்கு முதலில் புரிந்துவிட்டது. "குடுக்காத கனி. ஆபீசுக்குள்ள போன பொருளு திரும்பி வந்து நான் பாத்ததில்ல."

"ஒரு மூலையக் கிழிச்சுக் குடுத்தா ஆவாதுங்களா?" என்று கேட்டாள் கனிஷ்கா.

"கறை பட்ட இடம்தான் வேணும்மா."

"பாப்பாவுக்கும் அந்த எடந்தானுங்க வேணும்."

வினோதினி நாற்காலியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"துணி கெடாது," என்றாள் வினோதினி. "தண்ணி படாது, மருந்து படாது. ஒரு கண்ணாடிக் குடுவையில போட்டு மேலாக் காத்தை ஓட்டி, அந்தக் காத்துல என்ன இருக்குன்னு பார்ப்பாங்க, அவ்வளவுதான். அஞ்சு நாள். அஞ்சாம் நாள் நானே கொண்டு வந்து உங்க கையில தர்றேன்."

அவள் பொய் சொல்லவில்லை. சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்பித்தான் சொன்னாள்.

கனிஷ்கா தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திருகுவதும் தளர்த்துவதுமாக இருந்தாள். "நாப்பத்தொண்ணுங்களா?"

"எழுதினவங்க நாப்பத்தொண்ணு. எழுதாதவங்க எத்தனைன்னு தெரியாது. இந்த மாசம் மட்டும் இன்னும் எத்தனை பேர் பூசிக்கப் போறாங்கன்னும் தெரியாது."

"அஞ்சு நாளுன்னா அஞ்சு நாள்தானுங்களே?"

"அஞ்சே நாள்."

கனிஷ்கா போசியை நீட்டினாள். வினோதினி வாங்கிய பிறகும் அதன் கைப்பிடியை அவள் உடனே விடவில்லை.

*

நான்காம் நாள் விசாரணை நடந்தது. பெனடிக்ட் இரண்டு படங்களைத் திரையில் போட்டார். ஒன்று துண்டு, இன்னொன்று கள்ளிவலசிலிருந்து பஞ்சில் ஒற்றி எடுத்து வந்திருந்த அதே பெண்ணின் இன்றைய தோல். துண்டில் முப்பத்தொரு வாசப் பொருட்கள். தோலில் நான்கு. அந்த நான்கும் மடிக்காப்பு பூசிய எல்லா மாட்டிலும் இருக்கிற அதே நான்கு.

"எட்டு மாட்டையும் அந்தப் பெண்ணையும் வரிசையா நிறுத்தினா, வாசத்தை வச்சு யார் யாருன்னு சொல்ல முடியாது," என்றார் பெனடிக்ட்.

கம்பெனி வழக்கறிஞர் கேட்டார்: "குழந்தை புட்டிப்பால் குடித்து நன்றாகத்தானே வளர்கிறது? எடை சரியாக இருக்கிறது. யாருக்கு என்ன இழப்பு?"

வினோதினி அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தாள். தாடையில் வைத்த அந்தச் சின்னக் கைதான் நினைவுக்கு வந்தது. அதை எந்த அலகில் எழுதுவது என்று தெரியவில்லை.

"மடிக்காப்பை நிறுத்தினால் மடிநோய் திரும்பி வரும், ஊசி திரும்பி வரும்," என்றார் அவர் அடுத்தபடியாக. "அந்த ஊசியால் சாகப்போகிறவர்களுக்கு யார் பொறுப்பு, மேடம்?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்த அறையில் அதை வினோதினியை விட நன்றாக அறிந்தவர் ஒருவரும் இல்லை. மதிவாணனின் முழங்கால் சிராய்ப்பு அவளுக்குக் கண்முன் வந்து போனது. ஆனாலும் பேனாவை எடுத்தாள். சுத்திகரிப்புப் பொருள் பட்டியலிலிருந்து மடிக்காப்பு நீக்கப்படுகிறது. உயிருள்ள எந்தப் பொருளும் இனிமேல் மருந்தாகவே கருதப்படும். கறப்பவர்கள், அவர்களுடைய குழந்தைகள், கன்றுகள் எல்லோரையும் பார்க்காமல் எதற்கும் அனுமதி இல்லை. கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும், பதினோரு வருடத்தில் முதல் முறையாக, தான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தாள். அந்த நினைப்பு மறுநாள் காலை ஒன்பதரை மணி வரை இருந்தது.

ஒன்பதரைக்கு அவள் மேசை மேல் ஓர் உறை இருந்தது. பச்சை உறை, ஓரம் நேர்த்தியாக ஒட்டியிருந்தது. மேலே அச்சிட்டிருந்தார்கள்: 'விதி 14-இன்படி கிருமி நீக்கம் செய்யப்பட்டது.' உள்ளே துண்டு, இஸ்திரி போட்டதுபோல நான்காக மடித்து, வெள்ளைவெளேரென்று. கறை இருந்த இடமே தெரியவில்லை.

பெனடிக்டைக் கூப்பிட அவள் எழுந்தாள். அவரே ஓடி வந்தார்.

"தொடாதீங்கன்னு நான் தனியா எழுதியிருந்தேனே பெனடிக்ட்…"

"சோதனையில யாரும் தொடல மேடம். சத்தியமா தொடல. வெளியில அனுப்புற பெட்டி தானா இயங்குறது. உள்ள வந்த எந்தப் பொருளும் அது வழியாத்தான் வெளிய போகும். நிறுத்திப் பார்த்தேன், நிறுத்த முடியல. அதுக்கு அனுமதி கொடுக்கிற இடத்துல ஒரு வரிதான் வருது." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "விலக்கு கிடையாதுன்னு வருது."

"அந்த முப்பத்தொண்ணும் உங்ககிட்ட இருக்குல்ல? திரும்பச் செஞ்சு தர முடியாதா?"

"பத்தொன்பதுக்குத்தான் பேர் தெரியும் மேடம். மீதி வெறும் கோடுங்க. வாசத்தோட பட்டியல்தான் இருக்கு. வாசம் இல்ல."

"அந்தப் பொண்ணு தோல்ல இருக்கிறதைக் கழுவி எடுத்தா?"

"எடுக்கலாம். வெறுந்தோல்தான் மிஞ்சும். வீட்டைக் காலி பண்ணிடலாம் மேடம், பழைய குடித்தனக்காரங்களை எங்க போய்த் தேடுறது?"

*

உறையைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். உதவியாளர் யாரையாவது அனுப்பியிருக்கலாம். 'அஞ்சாம் நாள் நானே' என்று சொன்னது அவளை விடவில்லை. துண்டை எவர்சில்வர் தூக்குப்போசிக்குள் வைத்து மூடிக்கொண்டு கிளம்பினாள். மூடியை ஏன் அவ்வளவு இறுக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கனிஷ்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். தலைக்குக் குளித்து, கூந்தலை முடிந்து, வேறு சேலை கட்டியிருந்தாள். ஐந்து நாளாகக் காத்திருந்த முகம் அது. வண்டியைக் கண்டதும் மலர்ந்தது.

"சொன்ன நாளைக்கு வந்துட்டீங்களே! பாத்தீங்களா நங்கையா, நீங்க என்னமோ சொன்னீங்களே."

வினோதினி வண்டியிலிருந்து இறங்கினாள். போசியை நீட்டினாள். கனிஷ்கா மூடியைத் திறந்து, வழக்கம்போல முகத்தருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். துண்டை வெளியே எடுத்தாள். இந்தப் பக்கம் மோந்தாள், அந்தப் பக்கம் மோந்தாள், மடிப்பைப் பிரித்து நடுவில் மோந்தாள்.

"தொவைச்சுட்டீங்களா?" என்றாள்.

"நான்… எங்க விதி ஒண்ணு இருக்கு. நான் எழுதினதுதான். வெளிய வர்ற எதையும் அந்த மெஷின்…" வினோதினி நின்ற இடத்திலேயே அழுதாள். அதிகாரி அழலாமா, அடுத்தவர் வீட்டு வாசலில் அழலாமா என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை.

கனிஷ்கா அழவில்லை. உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். துண்டை மேலே போர்த்திக்கொண்டாள். "குடுங்க நங்கையா" என்று கைகளை நீட்டினாள். கோகிலா தயங்கித் தயங்கிக் குழந்தையைக் கிடத்தினாள்.

குழந்தைக்குப் பசிதான். துண்டைக் கண்டதும் கால்களை உதைத்தது. ஐந்து நாளாகக் காணாத பொருள் அல்லவா? மூக்கைத் துண்டில் வைத்துத் தேடியது. இடமும் வலமுமாகத் தேடியது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, நம்ப முடியாததுபோல, மறுபடி முதலிலிருந்து தேடியது. எவ்வளவு நேரம் தேடியது என்று அங்கிருந்த மூவரில் யாராலும் சொல்ல முடியாது. பிறகு உதடு பிதுங்கியது. முகத்தைத் திருப்பி, கோகிலாவின் குரல் வந்த பக்கமாகக் கையை நீட்டி, வீறிட்டு அழுதது.

கோகிலா தூக்கிக்கொண்டு வெளியே போனாள். சற்று நேரத்தில் அழுகை நின்றது. அது நின்ற பிறகுதான் கனிஷ்காவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.

"மத்தவங்களுக்கு?" என்று கேட்டாள், வெகு நேரம் கழித்து.

"நிறுத்தியாச்சும்மா. நேத்தே உத்தரவு போட்டாச்சு. இனிமே யாருக்கும் வராது."

"செரிங்க." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது போதுங்க" என்று சொல்வாள் என்று வினோதினி எதிர்பார்த்தாள். கனிஷ்கா அப்படிச் சொல்லவில்லை. துண்டை மடித்தாள். அவசரமில்லாமல், மூலைக்கு மூலை சேர்த்து, வந்தபடியே நான்காக மடித்து, வினோதினியின் கையில் வைத்தாள்.

"இது நீங்களே வெச்சுக்குங்க மேடம். எனக்கு இதுல ஒண்ணும் இல்ல."

வெளியே கட்டுத்தரையில் ஒரு கிடாரி அன்று விடியற்காலைதான் தலைச்சன் கன்று போட்டிருந்தது. கனிஷ்கா அதன் மடியில் ஒன்றும் பூசவிடவில்லை. எழுந்து சரியாக நிற்கவே தெரியாத கன்று, கண்ணை மூடியபடி தட்டுத் தடுமாறிப் போய் மடியை முட்டியது. மாடு திரும்பி அதன் முதுகை நக்கிக்கொண்டே அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தது. மற்ற எட்டுக் கறவை மாடுகளும் காதைத் தூக்கிப் பார்த்தன. வினோதினி அதைப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வண்டி தானே திரும்பி, தானே சாலையைப் பிடித்தது. காங்கேயம் தாண்டும் வரை துண்டை மடியில் வைத்திருந்தாள். பிறகு அதைத் தூக்கி முகத்தில் வைத்து, கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்தாள். பாலில்லை, வியர்வையில்லை, சோப்புகூட இல்லை. ஒரு பெண் ஆஸ்பத்திரியில் இதை மார்பின் மேல் போர்த்தியிருந்தாள் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. சுத்தமாக இருந்தது. பதினோரு வருடமாக உலகத்தில் எல்லாம் எப்படி இருக்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாளோ அப்படி இருந்தது.

வீட்டில் பீரோவுக்குள் பிரிக்காமல் வைத்திருந்த பச்சை உறையில் என்ன இருக்கும் என்று அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.